மதத்தைப் படிப்பது, மதமின்மையைப் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதத்தைப் பல்கலைக்கழகப் பாடமாகப் படிக்கலாம் என்று சொன்னாலே நம்மூரில் பலருக்குச் சாமியார் மடம்தான் நினைவுக்கு வரும். நாத்திகத்தையும் அதே துறையில் படிக்கலாம் என்றால் குழப்பம் இரட்டிப்பாகும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் கீழே கொடுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளமானவை, குறிப்பாக எண்ணிக்கை பற்றியவை. சண்டையெல்லாம் அங்கேதான் நடக்கிறது.

மத ஆய்வு என்றால் இறையியல்தானே?

இல்லை. இறையியல் ஒரு மதத்துக்குள் நின்று பேசுவது. சைவ சித்தாந்தி ஒருவர் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) என்று தொடங்கினால், பதி உண்டு என்று நிறுவுவதும் விளக்குவதும் அவர் வேலை. மத ஆய்வாளருக்கு அந்த வேலை கிடையாது. மனிதர்கள் எதை நம்புகிறார்கள், எப்படி வழிபடுகிறார்கள், யாருக்கு முதல் மரியாதை, பணம் எங்கிருந்து வருகிறது, சட்டம் என்ன சொல்கிறது என்பதையெல்லாம் அவர் பார்க்கிறார்.

திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலைப் பற்றி மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 1981-ல் ஒரு நூல் எழுதினார். பெருமாள் உண்மையிலேயே அங்கே இருக்கிறாரா என்ற கேள்வியே அதில் இல்லை. பெருமாளை ஓர் அரசராக வைத்து, அவருக்குக் காணிக்கை எப்படிப் போகிறது, அவரிடமிருந்து பிரசாதமும் மரியாதையும் யார் யாருக்கு எந்த வரிசையில் திரும்பி வருகின்றன என்று அந்த நூல் பார்க்கிறது. அந்த வரிசைக்காக நடந்த சண்டைகள் பிரிட்டிஷ் நீதிமன்றங்களுக்குப் போனபோது தீராமல் இன்னும் கூடின என்பது அவருடைய வாதம். பக்தரும் படிக்கலாம், பகுத்தறிவாளரும் படிக்கலாம். இருவருக்கும் அதில் புதிதாகத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது.

இந்தத் துறையை யார் தொடங்கினார்கள்?

வழக்கமாகச் சொல்லப்படும் பெயர் மாக்ஸ் முல்லர். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஜெர்மானியர். 1870-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 'மதத்தின் அறிவியல்' பற்றிச் சொற்பொழிவாற்றினார். ஒரு மதத்தை மட்டும் அறிந்தவர் எந்த மதத்தையும் அறியாதவர் என்பது அவர் கருத்து. கிழக்கத்திய மத நூல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புகளை 50 தொகுதிகளாகக் கொண்டுவரும் வேலையைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான். அப்படிப்பட்டவர் ஒருமுறைகூட இந்தியாவுக்கு வந்ததில்லை. மதம் என்றாலே புத்தகம் என்ற பார்வை இந்தத் துறையில் நெடுங்காலம் நீடித்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்றே நினைக்கிறேன். வீட்டுப் பூசை அறையும் ஊர் எல்லைச் சாமியும் அந்த 50 தொகுதிகளில் கிடைக்காது.

அமெரிக்காவில் திருப்பத்தை உண்டாக்கியது ஒரு வழக்கு. அரசுப் பள்ளிகளில் வழிபாடாகப் பைபிள் வாசிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1963-ல் தீர்ப்பளித்தது. ஆனால் மதங்களைப் பற்றிக் கற்பிப்பதற்குத் தடையில்லை என்றும் சொன்னது. அதன்பின் அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் மத ஆய்வுத் துறைகள் பெருகின. பிரிட்டனில் 1967-ல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் நினியன் ஸ்மார்ட் துறையைத் தொடங்கினார்.

நம் அரசியலமைப்பின் 28-வது பிரிவும் இதே மாதிரிதான். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் மதபோதனை கூடாது. ஆனால் மதங்களைப் பற்றிய கல்வி வேறு, மதபோதனை வேறு என்று 2002-ல் அருணா ராய் வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வழி திறந்துதான் இருக்கிறது. நடப்பவர்கள் குறைவு.

ஆய்வு செய்பவர் ஆத்திகரா, நாத்திகரா?

இரண்டு வகையும் உண்டு. கடவுள் உண்டா இல்லையா என்ற தீர்ப்பை ஆய்வு முடியும்வரை ஒதுக்கி வைப்பதுதான் முறை. தீமிதித்த ஒருவர், "காலில் ஒரு கொப்புளம் இல்லை, எல்லாம் ஆத்தா அருள்" என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர் ஆமாம் போடுவதில்லை. இதில் இருப்பது வெறும் இயற்பியல் என்று குறுக்கே பேசுவதும் இல்லை. அவர் எதற்காக நேர்ந்துகொண்டார், காப்புக் கட்டிய நாளிலிருந்து என்ன விரதம் இருந்தார், யார் தீ மிதிக்கலாம் யார் மிதிக்கக் கூடாது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு போவார்.

இதிலும் துறைக்குள் தகராறு உண்டு. இப்படி ஒதுங்கி நிற்பது மதத்துக்குக் காவல் காப்பதாக ஆகிவிடுகிறது, நாம் விமர்சகர்களாக இருக்க வேண்டும் என்று ரஸ்ஸல் மெக்கட்சன் போன்றவர்கள் வாதிடுகிறார்கள். மானிடவியலாளர் தலால் ஆசாத் 1993-ல் வேறொரு கோணத்தில் அடித்தார். மனத்துக்குள் இருக்கும் நம்பிக்கைதான் மதத்தின் மையம் என்று நினைப்பதே ஐரோப்பியக் கிறிஸ்தவ வரலாற்றிலிருந்து வந்த பழக்கம் என்றார் அவர். நம்மூர் விஷயத்தை யோசிக்க ஆசாத்தான் எனக்கு அதிகம் உதவுகிறார். இங்கே ஒருவரைப் பார்த்ததும் நீங்கள் எதை நம்புகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. குலதெய்வம் எது என்றுதான் கேட்கிறோம்.

நாத்திகத்தில் ஆராய என்ன இருக்கிறது? ஒன்று இல்லை என்பதைப் போய் எப்படி ஆராய்வது?

பல்கலைக்கழகங்களும் ரொம்ப நாள் இப்படித்தான் நினைத்தன. 1971-லேயே காலின் கேம்பல் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் மதமின்மைக்கும் ஒரு சமூகவியல் வேண்டும் என்று நூல் எழுதினார். ஏறக்குறைய 30 ஆண்டுகளுக்கு அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2000-க்குப் பிறகுதான் நிலைமை மாறியது. 2005-ல் அமெரிக்காவின் டிரினிட்டி கல்லூரியில் மதச்சார்பின்மை ஆய்வு நிலையம் வந்தது. 2008-ல் லோயிஸ் லீ பிரிட்டனில் ஆய்வாளர் வலையமைப்பு ஒன்றைத் தொடங்கினார். 2011-ல் கலிஃபோர்னியாவின் பிட்சர் கல்லூரியில் ஃபில் சக்கர்மன் இதற்கென்றே தனிப் பாடத்திட்டம் கொண்டுவந்தார். 2016-ல் மயாமி பல்கலைக்கழகம் நாத்திகம், மனிதநேயம் (கடவுளை நாடாமல் மனிதரை மையமாக வைக்கும் கொள்கை), மதம் சாராத அறவியல் ஆகியவற்றுக்கென ஓர் இருக்கையை அறிவித்தது.

லீ சொல்வது எளிமையானது. மதமற்றவர் என்றால் ஒன்றும் இல்லாதவர் என்று அர்த்தமில்லை. அவர்களுக்கும் கல்யாணம் நடக்கிறது, சாவு நடக்கிறது, பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்கள், எது சரி எது தவறு என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். இதையெல்லாம் எப்படிச் செய்கிறார்கள் என்று போய்ப் பார்த்தால் ஆய்வுக்குப் பஞ்சமே இருக்காது. ஸ்காட்லாந்தில் 2005 முதல் மனிதநேயத் திருமணங்கள் சட்டப்படி செல்லும். இன்று அவை ஸ்காட்லாந்துத் திருச்சபை நடத்தும் திருமணங்களைவிட அதிகம். 2013-ல் லண்டனில் கடவுள் இல்லாத ஞாயிறு கூட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். பாட்டு, சொற்பொழிவு, தேநீர் எல்லாம் அங்கே உண்டு. மேற்கத்திய ஆய்வாளர்கள் இதையெல்லாம் வியப்போடு எழுதும்போது எனக்குச் சிரிப்புத்தான் வரும். சுயமரியாதைத் திருமணத்தையும், கருமாதிக்குப் பதிலாக நடக்கும் படத்திறப்பையும் நாம் எத்தனை தலைமுறையாகப் பார்த்துவருகிறோம்!

மதமற்றவர்கள் எல்லாரும் நாத்திகர்களா?

கிடையவே கிடையாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் மதமற்றவர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோர் பற்றி பியூ என்ற கருத்துக்கணிப்பு ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, அவர்களில் நாத்திகர் என்று சொன்னவர்கள் 17 சதவீதம்தான். கடவுள் உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்றவர்கள் 20 சதவீதம். மீதி 63 சதவீதம் பேர் 'குறிப்பாக ஒன்றும் இல்லை' என்றவர்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிரிட்டனின் கென்ட் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஆய்வுக்குழு ஒன்று பிரேசில், சீனா, டென்மார்க், ஜப்பான், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் கடவுளை நம்பாதவர்களிடம் விசாரித்து 2019-ல் அறிக்கை வெளியிட்டது. இயற்கைக்கு அப்பால் எதுவுமே இல்லை என்று முழுமையாகச் சொல்பவர்கள் அந்த ஆறு நாடுகளிலும் சிறுபான்மையே. கடவுளை நம்பாதவர்களிலும் விதி, கிரகபலன், மறைவான சக்திகள் என்று ஏதாவது ஒன்றை நம்புகிறவர்கள் கணிசமாக இருந்தார்கள். சாமி கும்பிடாமல், ஆனால் ராகுகாலத்தில் மட்டும் வண்டி எடுக்காத மாமாக்களை அறிந்த நமக்கு இதில் அதிர்ச்சி எதுவும் இல்லை. வாழ்க்கையில் எது முக்கியம் என்று கேட்டபோது, நம்பாதவர்களும் பொதுமக்களும் கிட்டத்தட்ட ஒரே பதிலைச் சொன்னார்கள். குடும்பமும் சுதந்திரமும் இரு தரப்புப் பட்டியலிலும் மேலே இருந்தன.

உலகத்தில் மதமற்றவர்கள் எத்தனை பேர்?

பியூ மையம் 2025-ல் வெளியிட்ட கணக்குப்படி 2020-ல் சுமார் 190 கோடி. உலக மக்கள்தொகையில் 24.2 சதவீதம். கிறிஸ்தவர்கள், முஸ்லிம்களுக்கு அடுத்து மூன்றாவது பெரிய பிரிவு. இந்துக்கள் 14.9 சதவீதம்.

ஆனால் இந்த 190 கோடியில் சுமார் 130 கோடி பேர் சீனாவில் இருக்கிறார்கள். உன் மதம் என்ன என்று கேட்டால் அங்கே பெரும்பாலோர் எதுவும் இல்லை என்கிறார்கள். அதே மக்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆண்டுக்கு ஒருமுறையாவது முன்னோர் கல்லறைக்குப் போகிறார்கள். மூன்றில் ஒரு பங்கினர் புத்தரையோ போதிசத்துவரையோ நம்புவதாகச் சொல்கிறார்கள். இவர்களை எந்தக் கட்டத்தில் போடுவது?

ஜப்பான் இன்னும் வேடிக்கை. கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலோர் மதம் இல்லை என்பார்கள். ஆனால் கோயில்களும் மத அமைப்புகளும் அரசுக்குக் கொடுக்கும் உறுப்பினர் கணக்கைக் கூட்டினால் நாட்டின் மக்கள்தொகையைவிட அதிகமாக வருகிறது. ஒரே குடும்பத்தை ஷிண்டோ ஆலயமும் எண்ணுகிறது, பௌத்தக் கோயிலும் எண்ணுகிறது. எண்ணப்பட்டவர்களோ, தங்களுக்கு மதம் இல்லை என்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை.

அப்படியானால் இந்தப் புள்ளிவிவரங்களை நம்பலாமா?

கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்று பார்த்த பிறகு நம்பலாம். ஆஸ்திரேலியா 2016 கணக்கெடுப்பில் 'மதம் இல்லை' என்ற விடையைப் பட்டியலின் கடைசியிலிருந்து முதலிடத்துக்குக் கொண்டுவந்தது. அந்த எண்ணிக்கை கூடியதற்கு இதுவும் ஒரு காரணமா என்று விவாதம் எழுந்தது. 2021-ல் அது 38.9 சதவீதம். இங்கிலாந்து, வேல்ஸில் மதம் இல்லை என்றவர்கள் 2001-ல் 14.8 சதவீதம், 2011-ல் 25.2, 2021-ல் 37.2. அங்கே கேள்வி 'உங்கள் மதம் என்ன?' என்பது. உங்களுக்கு மதம் ஒன்று உண்டு என்று அனுமானித்துக்கொண்டே கேட்கும் கேள்வி என்று மனிதநேய அமைப்புகள் அதை எதிர்க்கின்றன. 2001-ல் சுமார் 3,90,000 பேர் தங்கள் மதம் 'ஜெடாய்' என்று எழுதிவைத்தார்கள். விண்வெளிச் சினிமாவில் வரும் வீரர்கள்தான் ஜெடாய். படிவத்தோடு மக்கள் விளையாடவும் செய்வார்கள்!

வெளியே சொல்லத் தயங்குகிறவர்களை எண்ண ஒரு நல்ல தந்திரம் உண்டு. ஒரு குழுவிடம் சாதாரணமான சில வாக்கியங்களைக் கொடுத்து, இதில் எத்தனை உங்களுக்குப் பொருந்தும், எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். இன்னொரு குழுவிடம் அதே பட்டியலோடு 'எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை' என்பதையும் சேர்த்துக் கொடுப்பார்கள். யார் எதற்கு ஆம் சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் இரண்டு குழுக்களின் சராசரிக்கும் இடையிலான வித்தியாசம் உண்மையைக் காட்டிக்கொடுத்துவிடும். வில் ஜெர்வே, மாக்சின் நாஜ்லி இருவரும் அமெரிக்காவில் இப்படிச் செய்து 2018-ல் வெளியிட்ட மதிப்பீட்டில் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் சுமார் 26 சதவீதம். நேரடியாகக் கேட்கும் கணிப்புகளில் வந்துகொண்டிருந்தது 3 முதல் 11 சதவீதம். அவர்களுடைய எண்ணிலும் ஏற்ற இறக்கத்துக்கு இடமுண்டு. ஆனாலும் நேரடிக் கேள்வி நிறையப் பேரைத் தவறவிடுகிறது என்பது தெளிவு.

இந்தியாவில் நாத்திகர்கள் வெறும் 33,304 பேர்தானா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வந்த எண் அதுதான். 121 கோடியில் 33,304. இதை வைத்துக்கொண்டு "பார்த்தீர்களா, நாத்திகம் இங்கே எடுபடவில்லை" என்று எழுதுபவர்களும் உண்டு, "அரசு மறைக்கிறது" என்று எழுதுபவர்களும் உண்டு. இரண்டு பேருமே படிவத்தைப் பார்க்கவில்லை.

அந்தப் படிவத்தில் ஆறு மதங்களுக்கு எண் குறியீடு உண்டு. வேறு எதுவானாலும் பெயரை முழுதாக எழுத வேண்டும். ஒருவர் தாமாகவே முன்வந்து நாத்திகம் என்று எழுதச் சொன்னால்தான் பதிவாகும். அப்படிப் பதிவானதும் எங்கே போனது தெரியுமா? 'பிற மதங்கள்' என்ற பட்டியலுக்கு. நாத்திகமும் ஒரு மதமாகத்தான் எண்ணப்பட்டது. மதத்தைக் குறிப்பிடாதவர்கள் என்று தனியாக 28.7 லட்சம் பேர். இன்னொரு விஷயம், கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வரும்போது பெரும்பாலும் ஒருவர்தான் எல்லாருக்காகவும் பதில் சொல்கிறார். கல்லூரிக்குப் போன மகள் நாத்திகம் பேசுகிறவளா என்று அம்மாவிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் அம்மா சொல்லமாட்டார்.

2012-ல் வின்-கேலப் என்ற பன்னாட்டுக் கருத்துக்கணிப்பில் இந்தியர்களில் 3 சதவீதம் பேர் உறுதியான நாத்திகர் என்றும், 13 சதவீதம் பேர் மதப்பற்று இல்லாதவர் என்றும் சொன்னார்கள். 3 சதவீதம் என்றால் மூன்றரைக் கோடிக்கு மேல். அதுவே கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறதா? சரி, மறுபுறம் பியூ மையம் 2019 நவம்பர் முதல் 2020 மார்ச் வரை ஏறக்குறைய 30,000 பேரிடம் 17 மொழிகளில் நேரில் கேட்டது. 97 சதவீதம் பேர் கடவுளை நம்புவதாகச் சொன்னார்கள். அதே ஆய்வில் பௌத்தர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கடவுளை நம்பவில்லை என்றார்கள். அவர்களுக்கு மதம் இருக்கிறது, கடவுள்தான் இல்லை. நாத்திகர் என்ற கட்டத்தில் அவர்கள் வரவேமாட்டார்கள்.

ஆகவே 33,304 என்பது இந்திய நாத்திகர்களின் எண்ணிக்கை இல்லை. கணக்கெடுப்பாளரிடம் வற்புறுத்திச் சொல்லும் அளவுக்குப் பிடிவாதம் உள்ளவர்களின் எண்ணிக்கை.

பெரியார் இயக்கம் வளர்ந்த தமிழ்நாட்டிலும் எண் குறைவாக இருந்தது ஏன்?

அந்த 33,304 பேரில் தமிழ்நாட்டுக்காரர்கள் சுமார் 1,300 பேர்தான். மகாராஷ்டிரம் 9,652. ஒரு திராவிடர் கழகப் பொதுக்கூட்டத்திலேயே இதைவிட அதிகம் பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

காரணம் ஒன்று, சட்டம். 1955 இந்துத் திருமணச் சட்டம் முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாத அனைவருக்கும் பொதுவாகப் பொருந்தும். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-ல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கிடைத்ததும் அந்தச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவு வழியாகத்தான். புரோகிதரும் வேண்டாம், தீவலமும் வேண்டாம். ஆனால் மணமக்கள் இருவரும் சட்டப்படி இந்துக்கள். இதைக் குறையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. ஊரில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஆயிரக்கணக்கான திருமணங்களைக் காப்பாற்ற இருந்த நேர்வழி அது.

காரணம் இரண்டு, சான்றிதழ். மதக் கட்டத்தில் எழுதுவது சாமி விவகாரம் மட்டும் இல்லை. 1950-ம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் அல்லாதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார். மதம் இல்லை என்று எழுதினால் பிள்ளையின் சாதிச் சான்றிதழ் என்ன ஆகும் என்ற பயம் நியாயமானது. பள்ளிச் சேர்க்கையில் சாதி, மதம் இல்லை என்று குறிப்பிடத் தமிழ்நாடு அரசு 1973-லேயே அனுமதித்தது. ஆனாலும் 2019-ல் 'சாதி, மதம் அற்றவர்' என்று திருப்பத்தூரில் வருவாய்த்துறை ஒரு சான்று கொடுத்தபோது அது நாடு முழுக்கச் செய்தியானது. அவ்வளவு அபூர்வம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சுயமரியாதை இயக்கம் 1925-ல் தொடங்கியபோதே அதன் இலக்கு சாதி ஒழிப்பு, பெண்ணுரிமை, புரோகித ஆதிக்க எதிர்ப்பு என்று விரிந்திருந்தது. கடவுள் மறுப்பு அந்தப் போராட்டத்தின் ஆயுதமாகவும் முடிவாகவும் இருந்தது. கூட்டத்துக்கு வந்த எல்லாரும் கடைசி வாக்கியம்வரை ஏற்கவில்லை. அப்புறம் 1949-ல் பிரிந்த திமுக 'ஒன்றே குலம், ஒருவனே தேவன்' என்றது. ஆகவே சுயமரியாதைக்காரரா என்று கேட்டால் ஆம் என்றும், மதம் என்ன என்று கேட்டால் இந்து என்றும், முருகனைக் கும்பிடுவீர்களா என்று கேட்டால் தைப்பூசத்துக்கு மட்டும் என்றும் ஒரே ஆள் பதில் சொல்ல முடியும். இதை முரண்பாடு என்று கேலி செய்வது சுலபம். ஆய்வாளருக்கோ இதுதான் விஷயம்.

இந்தியப் பகுத்தறிவு இயக்கங்களை யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா?

ஆராய்ந்திருக்கிறார்கள், ஆனால் போதாது. யோஹன்னஸ் குவாக் மகாராஷ்டிரத்தின் அந்தசிரத்தா நிர்மூலன் சமிதியோடு சுற்றி 2012-ல் ஒரு நூல் வெளியிட்டார். நரேந்திர தபோல்கர் 1989-ல் தொடங்கிய மூடநம்பிக்கை எதிர்ப்பு அமைப்பு அது. குவாக்கின் நூல் வந்த மறு ஆண்டே, 2013 ஆகஸ்ட் 20 அன்று, தபோல்கர் புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு இறுதியில் அந்த மாநிலம் பில்லிசூனியத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. மதமின்மையைத் தனியாக வைத்துப் பார்க்க முடியாது, எந்த மதத்தோடு எப்படி மோதுகிறது, உரசுகிறது என்ற உறவில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பது குவாக்கின் பங்களிப்பு. ஸ்டெஃபான் பிண்டர் 2020-ல் வெளியிட்ட நூல் தெலுங்கு நாத்திகர்களைப் பற்றியது. ஆந்திர நாத்திகத் தலைவர் கோரா 1940-ல் தொடங்கிய நாத்திக மையம் இன்றும் விஜயவாடாவில் இருக்கிறது.

தமிழில் மூலப்பொருள் குவிந்து கிடக்கிறது. பெரியாருக்கு 40 ஆண்டுகள் முன்பே, 1880-களில், சென்னை லௌகிக சங்கம் 'தத்துவவிவேசினி' என்ற நாத்திக இதழை நடத்தியது. லண்டன் நாத்திகத் தலைவர் பிராட்லாவின் வாதங்களும் உள்ளூர்ச் சாதி விமர்சனமும் அதில் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. பேராசிரியர் வீ. அரசு அவற்றைத் தொகுத்துத் தந்த பிறகும் அதை வைத்து முனைவர் பட்ட ஆய்வு செய்ய வருபவர்கள் குறைவு என்பது என் ஆதங்கம்.

பழைய காலத்தில் நாத்திகம் இருந்ததா?

இருந்தது, ஆனால் பெரும்பாலும் எதிராளியின் வாயிலிருந்தே தெரிகிறது. மணிமேகலையின் 27-வது காதையில் வஞ்சி நகரில் பல சமயவாதிகள் பேசுகிறார்கள். நிலம், நீர் போன்ற பூதங்களே எல்லாம் என்று சொல்லும் பூதவாதியும் ஒருவர். கண்ணால் கண்டதே உண்மை என்பார். அப்படியானால் உன் தாய் தந்தையை எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை மடக்குவாள். பூதவாதி என்ன மறுமொழி சொல்லியிருப்பார் என்பதை எழுதிவைக்க அந்தக் காப்பியத்துக்கு அக்கறையில்லை.

மதம் அழிந்துகொண்டிருக்கிறதா?

சமூகம் நவீனமாக ஆக மதம் தேயும் என்று 1960-களில் சமூகவியலாளர்கள் பலர் உறுதியாக நம்பினார்கள். அவர்களில் முக்கியமானவரான பீட்டர் பெர்கர் 1999-ல் அந்தக் கருத்தை வெளிப்படையாகக் கைவிட்டார். பிறகு காற்று மறுபடியும் திரும்பியது. 2007 முதல் 2019 வரை தாம் பார்த்த 49 நாடுகளில் 43-ல் மதப்பற்று குறைந்திருக்கிறது என்றார் அமெரிக்க அரசியல் ஆய்வாளர் ரொனால்ட் இங்கிள்ஹார்ட். இந்தியா அதற்கு விதிவிலக்கு என்றும் அவர் குறிப்பிட்டார். உயிருக்கும் பிழைப்புக்கும் பாதுகாப்பு கூடும் இடங்களில் மதத்தின் தேவை குறைகிறது என்பது அவரும் பிப்பா நாரிஸும் தந்த விளக்கம். அமெரிக்காவிலோ, 2012-ல் சுமார் 20 சதவீதமாக இருந்த மதமற்றவர்கள் 2021 வாக்கில் 29 சதவீதத்தைத் தொட்டுவிட்டு அங்கேயே நிற்கிறார்கள். பியூ மையத்தின் 2025 அமெரிக்க அறிக்கையிலும் 29 தான். இது தற்காலிக நிறுத்தமா, உச்சமா என்று இப்போது அடித்துச் சொல்பவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

நன்றாகச் சிந்திப்பவர்கள் நாத்திகர் ஆகிறார்கள் என்று ஆய்வு சொல்கிறதாமே?

வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. 2012-ல் ஜெர்வேயும் ஆரா நோரன்சயனும் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரை அது. 'சிந்தனையாளன்' சிலையின் படத்தைப் பார்த்தவர்கள் கடவுள் நம்பிக்கையைக் குறைவாக மதிப்பிட்டார்கள் என்பது அதில் ஒரு சோதனை. 2017-ல் வேறு ஆய்வாளர்கள் அதிகம் பேரை வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு வரவில்லை. தம் பழைய சோதனை தேறாது என்று ஜெர்வேயே பின்னர் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்காகவே அவருடைய மற்ற ஆய்வுகளை நான் கவனித்துப் படிக்கிறேன். 2021-ல் அவர் குழு அமெரிக்கர்களை வைத்துப் பார்த்தபோது, கடவுள் நம்பிக்கை இல்லாமல் போவதற்கு வலுவான அடையாளமாகத் தெரிந்தது மூளைத்திறன் இல்லை. வளர்ந்த வீட்டில் பெரியவர்கள் வாயால் சொன்னதைச் செயலிலும் காட்டினார்களா என்பதுதான். விரதமும் நேர்த்திக்கடனும் கண்முன் நடக்காத வீட்டுப் பிள்ளைக்கு உபதேசம் மட்டும் ஒட்டுவதில்லை.

நாத்திகர்களை மக்கள் சந்தேகிக்கிறார்களா?

இந்தியா உட்பட 13 நாடுகளில் 3,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய சோதனை 2017-ல் வெளியானது. கொடூரக் கொலை செய்யும் ஒருவனைப் பற்றிய கதையைப் படித்தவர்கள், அவன் மத நம்பிக்கை உள்ளவன் என்பதைவிட நாத்திகனாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தம்மையறியாமல் எண்ணினார்கள். விடை சொன்னவர்களில் நாத்திகர்களும் அப்படியே எண்ணினார்கள் என்பதுதான் உறுத்துகிறது.

இந்த ஆய்வுகளுக்குப் பணம் யார் தருகிறார்கள்?

கேட்க வேண்டிய கேள்வி. மேலே சொன்ன ஆறு நாட்டு ஆய்வுக்குப் பணம் தந்தது ஜான் டெம்பிள்டன் அறக்கட்டளை. அறிவியலும் ஆன்மிகமும் சந்திக்கும் இடத்தில் ஆர்வமுள்ள அமைப்பு என்று பெயர் பெற்றது. மயாமி இருக்கைக்கு 22 லட்சம் டாலர் தந்தவரோ நாத்திகர், தொழிலதிபர். இரு பக்கமும் பணம் இருக்கிறது. யார் பணம் என்பதைத் தெரிந்துகொண்டு, பிறகு கேள்வித்தாளையும் முறையையும் பாருங்கள். பணத்தை மட்டும் காட்டி முடிவைத் தள்ளுவது சோம்பேறித்தனம்.

தமிழ்நாட்டில் எங்கே படிக்கலாம்?

சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், சமணவியல், கிறிஸ்தவ ஆய்வு என்று தனித்தனித் துறைகள் உண்டு. ஒவ்வொரு மதத்துக்கும் ஓர் அறை, நடுவில் கூடம் இல்லை. ஒப்பிட்டுப் படிக்க விரும்புகிறவர் சமூகவியல், மானிடவியல், வரலாறு, தமிழ் ஆகிய துறைகளில் சேர்ந்து, மதத்தையோ மதமின்மையையோ ஆய்வுத் தலைப்பாக எடுப்பதுதான் நடைமுறையில் எளிது. வட இந்தியாவுக்குப் போகத் தயாரென்றால் பாட்டியாலா பஞ்சாபிப் பல்கலைக்கழகத்தில் 1960-களிலிருந்தே மத ஆய்வுத் துறை இருக்கிறது.

எதில் சேர்ந்தாலும் புள்ளியியல் ஒரு தாளாவது படித்துவிடுங்கள். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மத அட்டவணை வெளிவரும் நாளில் அது கைகொடுக்கும். தலைப்பு கிடைக்காமல் தவிப்பவர்களுக்கு ஒரு யோசனை: உங்கள் மாவட்டத்தில் கடந்த 50 ஆண்டுகளில் நடந்த படத்திறப்பு நிகழ்ச்சிகளின் அழைப்பிதழ்களைச் சேகரிக்கத் தொடங்குங்கள். பல வீடுகளில் பரணில் கிடக்கும்.